குடோனில் சிரித்த சிரிப்பு

வீரபாண்டி
7.7.2025

அன்பு வினிதாவுக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச மாட்டேன், எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு மூலனூரில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். பேனா பிடித்து எத்தனை வருஷமாகிறது, கை வலிக்கிறது.

ஒரு மரநாய்க்காக இவ்வளவா? குடோனுக்குள் புகுந்து, கட்டிங்குக்குப் போக வேண்டிய துணி ரோல்களில் மூத்திரம் பெய்து வைத்திருந்தது. அடித்தேன். யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள். பாப்பாவுக்கு ஸ்கூல் வீணாகிறது. சீக்கிரம் வந்துவிடு.

உன்,
இளங்குமரன்


மூலனூர்
10.7.2025

தேஜு அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கை வலித்தாலும் எழுதுங்கள். போனில் என்றால் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

அடித்ததை நான் கேட்கவில்லை. தினமும் தைத்த துணிகளின் போட்டோ போடுகிற கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோவை நீங்களே போட்டீர்கள். அதன் பின்னங்கால் இரண்டும் போய்விட்டது, ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கப்புறமும் ஏழு அடி. நடுவில் திரும்பி, "ஏனப்பா, வீடியோவுல செரியா உழுகுதா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். கல்யாணமான எட்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஏன் சிரித்தீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

வினிதா


வீரபாண்டி
12.7.2025

வினி,

பழநிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்வதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். போதுமா? ஞாயிறு ஆனால் கோழிக் குழம்பு வைக்கிற வீடுதானே உன்னுடையதும்? சிரிப்புக்கெல்லாம் காரணம் கேட்டால் நான் எங்கே போவது? தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கம்பெனியில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. 20ஆம் தேதி கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். தயாராக இரு.

இளங்குமரன்


மூலனூர்
15.7.2025

தேஜு அப்பாவுக்கு,

வராதீர்கள். முருகன் மன்னிக்கட்டும், நான் கேட்டது வேறு.

நேற்று முருங்கைத் தோட்டத்தில் பாப்பா ஒரு ஓணானைக் குச்சியால் அடித்தாள். அது அசையாமல் போன பிறகும் விடவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னைப் பார்த்துச் சிரித்து, "அப்பாவ எடுத்தாட்ட என்னையும் வீடியோ எடும்மா" என்றாள். என் போனில் அவளும் பார்த்திருக்கிறாள். ஆறு வயசுக் குழந்தையின் முகத்தில் உங்கள் சிரிப்பு. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

வினிதா


வீரபாண்டி
17.7.2025

வினி,

உன் கடிதத்தை குடோனில் உட்கார்ந்துதான் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரோலை இழுத்ததும் அது என் நெஞ்சை நோக்கிப் பாய்ந்தது. நான் அலறிக்கொண்டு கட்டிங் டேபிள் மேல் ஏறிவிட்டேன். கட்டிங் மாஸ்டர் பூபாலனும் மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏனுங்க மொதலாளி, எறங்குங்க, பூனையாட்டத்தானுங்க இருக்குது" என்றார் பூபாலன். இனி இவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்றுதான் இரும்புக் குழாயை எடுத்தேன். முதல் அடி பயத்தில் விழுந்தது. அது கத்தியதும் எல்லோரும் என்னை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுகமாக இருந்தது, வினி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நிறுத்தினால் திரும்ப என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்றுதான் அடித்துக்கொண்டே இருந்தேன். வீடியோ எடுக்கச் சொன்னதும் நான்தான். டேபிள் மேல் ஏறினவனை யாரும் நினைக்கக் கூடாது என்று.

அது ஷட்டர் பக்கம்தான் ஊர்ந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தால் வெளியே போயிருக்கும்.

நான் வரவில்லை. அப்பா பயந்துவிட்டார் என்று மட்டும் பாப்பாவிடம் சொல்.

இளங்குமரன்


மூலனூர்
20.7.2025

தேஜு அப்பாவுக்கு,

சொன்னேன். தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "அந்த ஓணான் என்னயப் பாத்துத் தலைய ஆட்டுச்சும்மா. நானும் பயந்துதான் அடிச்சேன்" என்று மடியில் விழுந்து அழ ஆரம்பித்தாள். இன்னும் விட்டு விட்டு அழுகிறாள்.

உங்களோடு திரும்பி வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. ஆனால் அவளை என்னால் தேற்ற முடியவில்லை. எனக்கு அது புரியாதாம். அப்பாவுக்குத்தான் புரியுமாம்.

வாருங்கள்.

வினிதா