கையில் ஒட்டிய வெள்ளை வட்டம்

இன்று தேக்கா உணவங்காடியில், எதிர்மேசைப் பெண்ணின் புஜத்தில் உனக்கு இருந்த அதே வெள்ளை வட்டம் ஒட்டியிருந்தது. கைப்பேசியை அதனருகே காட்டிச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தோசையைப் பிய்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நீயே போய்விட்டாய், இந்த எரிச்சல் மட்டும் போகமாட்டேன் என்கிறதடி.

நம் இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் நீரிழிவு வந்தது. உனக்குத் தெம்பனிஸில் அலுவலக வேலை. மருந்து, கருவி எல்லாவற்றையும் அங்கே கொடுத்த காப்புறுதி பார்த்துக்கொண்டது. ஆங் மோ கியோ வீட்டில் ரவிக்கை தைக்கும் நான் சொந்தமாக எடுக்கப் போனபோது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கிடையாது என்று விதியைக் காட்டினார்கள். சர்க்கரை பார்க்க விரலைக் குத்திக் குத்தி, துணியில் ரத்தம் படாமல் தைக்கப் பழகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதே உணவங்காடியில் டீ வாங்குமுன் இருவரும் அளந்து பார்ப்போம். யாருக்கு அளவு அதிகமோ அவர்தான் போய்த் தட்டைத் தூக்கிவர வேண்டும். பெரும்பாலும் நான்தான் தூக்கினேன்.

"கோசோங்னு சொல்லு, சீனி போட்டுடப் போறாங்க லா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்வாய்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "உனக்கென்னடி, மகாராணி. குத்தவும் வேணாம், கவலைப்படவும் வேணாம்."

நீ சிரிக்கவில்லை. "ஆபீஸை விட்டுட்டு பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித்தரணும்னு எத்தனை வருஷமா சொல்றேன்? விட்டா இன்சூரன்ஸும் போயிடும். இந்த வியாதியோட புதுசா யார் தருவா? நீ நெனச்சா மெஷினை மூடிட்டு எழுந்துடுற. உன்னைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது லா."

என்னைப் பார்த்து நீயா? உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் கையைப் பார்த்ததும் பழையபடி எரிந்தது.

கடைசிவரை நீ அந்த வேலையை விடவில்லை. மாரடைப்பு வந்து அலுவலக மேசையிலேயே சாய்ந்தாய் என்று உன் கணவர் சொன்னார். நீச்சல்குளத்துப் பக்கம் நீ போகவே இல்லை.

நம் மேசையில் உட்கார்ந்து இன்றும் விரலைக் குத்திப் பார்த்தேன். ஐந்து புள்ளி எட்டுதான், நல்ல அளவு. நீ இருந்திருந்தாலும் இதை ஜெயித்திருக்கமாட்டாய். தட்டைத் தூக்கவேண்டியது இன்று உன் முறை. அதனால் நான் எழுந்து போகாமல், டீ இல்லாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.