நெருஞ்சியை விட்டுவிட்டேன்

ஆவணி, வெள்ளிக்கிழமை

தோணிக்குப் போகிறவர்கள் என் புருசனின் புதைகுழிக்கு மேலாலேயே வழி போட்டுவிட்டார்கள். சுற்றிவரப் புல் முழங்காலுக்கு நிற்கிறது. அவருக்கு மேலே மட்டும் அதே புல் தரையோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கிறது, படுத்தபடியே பூத்தும் இருக்கிறது.

“பாருங்க மச்சாள், புல்லே மிதிபட்டுப் பழகிட்டுது. நீங்களும் கொஞ்சம் அடங்கிப் போங்க” என்றாள் அவருடைய தங்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் வலையோடு வந்தவன் ஒருத்தன், குழியை மிதித்துக்கொண்டே, “அண்ணன் கோவிக்க மாட்டாரக்கா, அவரும் வாவிக்குப் போன வழிதானே” என்று சிரித்தான். உயிரோடு இருந்தால் அவர் நெஞ்சில் மிதிப்பானா?

புல்லைப் பிடுங்கினேன். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது, நகம் கிழிந்தது. புல்லுக்கு அடியில் மறைந்து கிடந்த நெருஞ்சியை மட்டும் விட்டுவிட்டேன். அதுவும் மிதிபட்டு நிலத்தோடுதான் படர்ந்திருக்கிறது, ஆனால் முள்ளோடு.

நாளைக்கும் அவன் வெறுங்காலோடுதான் வருவான். வரட்டும்.