ஐந்து மணிக்கூடுகள், ஐந்து நேரம்

நேற்றுப் பின்னேரம் உன் மூத்த மகள் காத்தான்குடியிலிருந்து வந்து, கைக்குட்டையில் சுற்றிய பச்சைக்கல் கைமணிக்கூட்டை என் கையில் வைத்தாள். நீ மௌத்தாகி அடக்கமாகி இரண்டு மாதம். டயலின் குறுக்கே அந்த மயிரிழை வெடிப்பு அப்படியே இருக்கிறது. பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வியர்க்கிறது, பார்.

அரபு நாட்டில் ஒரே அறையில் படுத்தெழும்பிய காலத்தில், வெள்ளிக்கிழமை என்றால் நீ என்னைத் தங்கக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போவாய். பழைய தங்க மணிக்கூடுகளை உருக்குவதற்கென்று அங்கே குவித்து வைத்திருப்பார்கள். அதற்குள் கல் டயல் வைத்ததாகத் தேடுவோம். நிறம் பூசிய தகடல்ல, அசல் கல்லை நகம்போல மெல்லிசாகச் சீவிப் பதித்தது. பச்சை, நீலம், கறுப்பு, சிவப்பு, புலிக்கண் என்கிற மஞ்சள் வரிக் கல். “தங்கத்த எவனும் பாப்பான், மச்சான். இந்தக் கல்ல ஆரு பாப்பான்?” என்பாய். மற்றவர்கள் ரேடியோவும் சேலையுமாக ஊர் திரும்ப, நாம் ஐந்து மணிக்கூடுகளோடு வந்து இறங்கினோம். பைத்தியங்கள் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

பிரிக்க மனம் வரவில்லை. ஆறு மாதம் உன் வீட்டில், ஆறு மாதம் சித்தாண்டியில் என் வீட்டில் என்று ஒரு தகரப் பிஸ்கட் ரின்னுக்குள் அவை குடியிருந்தன. சண்டை தொடங்கியதும் நீ ஒரு சட்டம் போட்டாய். “ரோட்டில கொண்டு போறதெண்டா ஓடப்படாது. மூணு நாள் சாவி குடுக்காமக் கிடக்கட்டும்.” டிக் டிக் என்று கேட்டால் ராணுவச் சென்றியில் காவல் நிற்பவன் என்ன நினைப்பான் என்று நீ விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் ஊரில் ஓயாமல் ராணுவச் சுற்றிவளைப்பு நடந்த மாதம் அது. ரின்னை உன் வீட்டுக்கு மாற்ற முதல் நாளே நீ வந்து தங்கினாய். புறப்படும் நேரம் நீ கிணற்றடியில் ஒழுச் செய்துவிட்டுத் தொழப் போனாய். நான் ரின்னைத் திறந்தேன். இனி எப்போது காணப்போகிறேனோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை அவை ஓடுவதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஐந்துக்கும் சாவி கொடுத்தேன். மடையன். நீ வந்து “போவமா?” என்றபோதாவது சொல்லியிருக்கலாம். ஏசுவாய் என்று சொல்லவில்லை.

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சென்றியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ரின்னை வைத்த பை என் கையில். சோதித்த சிப்பாய் ரின்னைத் தூக்கினான். அப்படியே நின்றான். மெதுவாகக் காதருகே கொண்டுபோனான். பிறகு அதை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் பாய்ந்து கத்தினான்.

சனம் குப்புற விழுந்தது. மூன்று துப்பாக்கிகள் என் நெஞ்சுக்கு நேரே. அடையாள அட்டையில் சித்தாண்டி, காலடியில் டிக் டிக். ‘மணிக்கூடு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது.

உன் தொப்பியைப் பார்த்து உன்னை முன்னமே போகவிட்டிருந்தார்கள். நீ பாலத்தில் ஏறியிருக்கலாம். கையிரண்டையும் உயர்த்திக்கொண்டு திரும்பி வந்தாயே! பை உன்னுடையது என்றும், நான் தூக்கி வந்தவன் மட்டும்தான் என்றும் சிங்களத்தில் சொன்னாய். துப்பாக்கிகள் உன் பக்கம் திரும்பின.

எல்லோரையும் தூரத் தள்ளிவிட்டு, உன்னைத் தனியே நடுரோட்டில் குந்தி ரின்னைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாய். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டினாய். நாலு கட்டிவிட்டாய். ஐந்தாவது, பச்சைக்கல், கைதவறித் தார் ரோட்டில் விழுந்தது.

அதிகாரி கிட்ட வந்து குனிந்தான். ஐந்திலும் ஐந்து நேரம். நேரம் பார்க்கவா நாம் அவற்றை வாங்கினோம்? “இதில எது சரி?” என்று தமிழிலேயே கேட்டான்.

“ஒண்டும் சரியில்ல, சேர்.”

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் நாம் இரண்டு பேரும் உயிரோடு பாலம் ஏறினோம்.

பாலத்தின் நடுவில் நீ சொன்னாய்: “எண்ட பிழைதான் மச்சான். ராத்திரி நான்தான் சாவி குடுத்திட்டு மறந்துபோனன்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லடா.” பரவாயில்லையாம்! பெரிய மனிதன்போல உன்னை மன்னித்தேன். இரவில் நீயும் கொடுத்திருப்பாய்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வசதியாக இருந்தது. சாகும்வரை உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை.

மற்ற நாலும் கல்யாணம், கூரை என்று ஒவ்வொன்றாக விற்றுப் போய்விட்டன. வெடித்ததை எவனும் கேட்கவில்லை. அது உன்னிடமே இருந்தது.

உன் மகள் போகும்போது வாசல் படலையடியில் திரும்பி நின்றாள். “மாமா, வாப்பா மௌத்தாக முந்தி ஒண்டு சொன்னவர். ‘பஸ்ஸில கொண்டு போகக்குள்ள சாவி குடுக்காத. அவன் குடுப்பான். அண்டைக்கும் அவன்தான் குடுத்த’ எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல” என்று சிரித்தாள். நான் படலையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியென்றால், தெரிந்துகொண்டுதான் அந்த ரோட்டில் குந்தினாயா?

இன்று காலை சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன். ஓடுகிறது. நான்தான் கொடுத்தேன், மச்சான். அன்றைக்கும் நான்தான்.