நிலவுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று நிமிடம்

ஏப்ரல் 19

ஏழாம் எண் பஸ்ஸின் அட்டவணையைத் திருத்தினேன். பாலத்தில் வேலை நடக்கிறது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். டெப்போவில் என் வேலையே எது எப்போது எங்கே இருக்கும் என்று எழுதுவதுதான். வீட்டிலும் அதேதான், பஸ்ஸுக்குப் பதில் ராக்கெட். இருபது வருஷமாக நிலவுக்கும் செவ்வாய்க்கும் வழி போட்டு நோட்டு நோட்டாக நிரப்பியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. நானாகப் பிடித்து வைத்துச் சொல்வேன். என் தலையைக் கண்டாலே மெக்கானிக் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

இப்போது என் தங்கையே போகிறாள். விமானியாக இருந்தவள், மூன்று பேரில் ஒருத்தி. மே 2 கிளம்பி, நிலவை நாலு நாள் சுற்றிவிட்டுத் திரும்புவது. ஊரே பாராட்டுகிறது. எனக்கு மட்டும் மே 2 வராமலே இருந்தால் தேவலை.

ஏப்ரல் 28

ஏதோ வால்வு கசிகிறதாம். மே 11-க்குத் தள்ளிவிட்டார்கள். ஒன்பது நாள் கூடக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 30

மே 16 சந்திர கிரகணம். காலண்டரில் பொடி எழுத்தில் இருக்கிறது.

பழைய தேதியில் போயிருந்தால் அதற்குள் திரும்பியிருப்பார்கள். இப்போது, பூமியின் நிழலில் நிலவு மூழ்கும்போது அதைச் சுற்றும் கப்பலும் மூழ்கும். வெயில் இல்லையென்றால் பேட்டரி மட்டும்தான். நிழல் மூன்று மணி ஐந்து நிமிடம். அது விலகும் அதே நேரத்தில் கப்பல் நிலவின் பின்பக்கம் போகிறது. அங்கேயும் இருட்டு, நாற்பத்து மூன்று நிமிடம். ஆக மூன்று மணி நாற்பத்தெட்டு. பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும் என்று விண்வெளி மையத்தாரே வெளியிட்டிருக்கிறார்கள்.

மிச்சம் பன்னிரண்டு நிமிடம்.

எங்கள் பஸ் எதுவும் அதைவிடக் குறைவான தாமதத்தில் வந்ததாக நினைவில்லை.

மே 1

அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எத்தனை பேர், எத்தனை படிப்பு. நான் யாரு? டைம்டேபிள் போடுறவன். ஆனா நிழலை ஒருத்தரும் பின்பக்கத்தை இன்னொருத்தரும் பாத்து, ரெண்டையும் யாருமே கூட்டாம விட்டிருந்தா? போன மாசம் ரெண்டு பஸ்ஸை ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு விட்டது நான்தானே.

மே 3

நாலு தடவை போட்டேன். அதே விடை. தப்பாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கணக்குப் போடுவது இதுதான் முதல் தடவை.

மே 4

மனைவியிடம் சொன்னேன்.

"அவகிட்டயே கேளுங்க."

"கிளம்புற நேரத்துல பயமுறுத்தணுமா?"

"கேக்காம விட்டு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் உங்க முகத்த நான் எப்படிப் பாப்பேன்?" துணி மடிப்பதை அவள் நிறுத்தவே இல்லை.

உட்கார்ந்து தங்கைக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

மே 6

நோய் தொற்றாமலிருக்கத் தங்கையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். மத்தியானம் போனில் வந்தாள்.

"நீ போட்டது சரிதான்ணா. அவங்களும் கூட்டித்தான் வச்சிருக்காங்க. பாதி ஹீட்டரை அணைச்சா இன்னும் நாப்பது நிமிஷம் கிடைக்கும். குளிரும், அவ்வளவுதான்."

"அப்ப பயமில்லையே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இருக்குண்ணா. இங்க யார்கிட்டயும் சொல்ல முடியாது. சொன்னா இறக்கி விட்டுடுவாங்க."

"சொல்லிடு. இறங்கிடு."

"போகணும்னு ஆசையும் இருக்கே. நீதான கெடுத்த. பதினாலு வயசுல என்னைப் பிடிச்சு உக்கார வச்சு…" சிரித்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது. "நீயும் யார்கிட்டயும் சொல்லிடாத."

மே 7

அவள் பயப்படுகிறாள் என்று ஒரு போன் செய்தால் போதும், நிறுத்திவிடுவார்கள். மையத்தின் எண்ணைக்கூடத் தேடி எடுத்தேன்.

செய்யவில்லை.

மே 11

கிளம்பியாயிற்று. மனைவியின் நகத்தடம் என் மணிக்கட்டில் இருக்கிறது.

மே 16

கிரகணம் உலகத்தின் அந்தப் பக்கம். இங்கே பகல், டெப்போவில் வெயில் கொளுத்துகிறது.

12.40. பின்பக்கம் போய்விட்டார்கள்; ரேடியோ நேரலையில் பேச்சு அறுந்தது. 1.23-க்குக் குரல் வரவேண்டும்.

1.23. இல்லை.

1.26. மெக்கானிக் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

1.30. ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஏன்டா பண்ணல?

1.34. குரல். அவளுடையதில்லை. மூன்று பேரும் நலமாம். குளிரில் ஆன்டெனா விறைத்து உடனே திரும்பவில்லையாம். அப்புறம் அவள் பேசினாள். பல் தந்தியடித்ததில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவளேதான்.

மே 27

தங்கை வந்திருக்கிறாள். படியில் இறங்கும்போது இன்னும் கைப்பிடியை விடுவதில்லை.

காலையில் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "செவ்வாய்க்குப் போய்ச் சேர எத்தனை நாள்ணா ஆகும்?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

இருநூற்று ஐம்பத்தொன்பது நாள்.

"தெரியலையே" என்றேன்.