"உண்டு" என்ற குரல்

அக்கா,

இன்று கலூரில் ஒரு பலசரக்குக் கடையில் சுக்கு மூட்டையைப் பிரித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த சுக்குக் கிடங்கின் வராந்தாவில்தான் இருந்தீர்கள். உங்களுக்கு வேறு வீடு இல்லை. கிடங்கைப் பூட்டுவது என் வேலை.

அந்தி மங்கும்போது சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பீர்கள். திடீரென்று ஆளில்லாத தெருவைப் பார்த்து, "உண்டு" என்பீர்கள். பிறகுதான் முதல் கவளம். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை, பயப்படுகிறவன் மட்டும்தான். ஒரு நாள் கேட்டே விட்டேன், யாரிடம் பேசுகிறீர்கள் என்று.

மலையாளத்துச் சித்தூர்ப் பக்கம் உங்கள் கிராமத்தில், பெரிய வீட்டு வாசலைச் சாத்துமுன் காரியஸ்தன் உரக்கக் கேட்பானாம்: "அத்தாழப் பட்டிணிக்காருண்டோ?" இரவுச் சோறு இல்லாதவர்கள் "உண்டு" என்றால் சோறு வரும். சொல்லாவிட்டால் கதவு சாத்தப்படும்.

"இங்க யாரு கேக்கறாங்க, அக்கா?"

"ஆரும் விளிக்கல தம்பி. விளிக்காட்டியும் நாம சொல்லணுமில்ல? இல்லேன்னா ஆளில்லேன்னு பூட்டிட்டுப் போயிருவாங்க."

கிராமத்து மனசே தனி என்று உருகினேன். உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங் குடிசையப் பிரிச்செறிஞ்சதும் அந்த வீட்டுக்காரங்கதான். அங்க ஆளுன்னு தெரிஞ்சே வெளிய நிறுத்தினாங்க. இங்க தூணுன்னு நெனச்சு சுத்திப் போறாங்க. எது தேவலைன்னு நீயே சொல்லு."

மறுநாளிலிருந்து பூட்டுமுன் அந்தக் காரியஸ்தனைப் போல நானே கேட்டேன். "உண்டு" என்று சொல்லும்போது உங்களுக்கு ஒரு வெட்கச் சிரிப்பு வரும். அது எனக்குப் பிடித்திருந்தது.

கர்க்கடக மாத அடைமழையில் காய்ச்சல் கண்டு தர்மாஸ்பத்திரியில் இறந்து போனீர்கள். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. நானும் ஒரு சுமைதூக்கியும்தான் எடுத்துப் போனோம். மறுநாள் அந்தியில், வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"உண்டு."

உங்கள் மூலையிலிருந்து, உங்கள் குரல். அங்கே ஈரத் தரை மட்டும்தான் இருந்தது. அடுத்த கிடங்கு வராந்தாவிலிருந்து ஓர் ஆண் குரல், "உண்டு." அதற்கப்பால் ஒரு குழந்தை. தெருக் கடைசி வரை, மங்கலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன், எல்லோரும் உயிருள்ள மனிதர்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். முதல் குரலுக்கு மட்டும் ஆளில்லை.

இப்போது கலூரில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். கதவைச் சாத்துமுன் இன்னமும் கேட்கிறேன். "அப்பாவுக்குக் கழண்டு போச்சு" என்று மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இத்தனை படி ஏறி யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் கேட்டுவிட்டு, தாழ்ப்பாளைத் தொடாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன், அக்கா. ஆளில்லை என்று நினைத்து உங்களை வெளியே வைத்துப் பூட்டிவிடக் கூடாது.