எனக்கு வந்த கோடிச் சேலை

அஸ்தம்பட்டி, சேலம்
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி நவநீதகிருஷ்ணனுக்கு,

உன் அக்கா வசந்தாமணி உயிரோடு இருந்து, தன் கையாலேயே எழுதுவது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன ஞாயிற்றுக்கிழமைதான் நீ எனக்காக அழுது முடித்திருக்கிறாய். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் இருமலைப் பற்றி நான் வாயெடுத்தாலே ராய்ப்பூரில் டவர் போய்விடுகிறது. கடிதத்துக்கு டவர் வேண்டியதில்லை.

நடந்ததை உன் பெண்டாட்டி மதுமதி அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் நல்லபடியாக முடிந்தது அல்லவா, அதற்காக நர்ஸ் சித்ரா ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்தாள். ஸ்கேன் எடுக்க வசதியில்லாதவர்களுக்கு அதில் பணம் திரட்டலாம், பீடி சிகரெட் தொடாத பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்று ஜனங்களுக்கும் தெரியும் என்றாள். ரவுண்டானாவில் என் படத்தோடு பேனர் வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உள்ளுக்குள் ஆசைதான். கவுன்சிலருக்கு மட்டும்தான் பேனரா.

பேனர் அடித்த பெரியசாமிக்குக் கல்யாணமும் சாவும்தான் பழக்கம். அறுபது வயதுப் பெண், பக்கத்தில் நோயின் பெயர் என்றதும் அவர் கை தானாகச் சாவுக்குப் போய்விட்டது. கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கைகூப்பியபடி நான். 'நோயை வென்றவர்' என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து ஊர்வலம் என்பது மட்டும் கொட்டை எழுத்தில். சனிக்கிழமை சாயங்காலம் கட்டினார்கள். ராத்திரிக்குள் அது எல்லார் போனுக்கும் போய்விட்டது.

விடிந்ததும் ராசிபுரத்திலிருந்து கந்தம்மாள் சித்தி வந்தாள். தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கியவள், கதவைத் திறந்த என் கழுத்தையே கட்டிக்கொண்டு, எங்களையெல்லாம் உட்டுட்டுப் போயிட்டியே சாமி என்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, ஏஞ்சாமி, நீ போயிட்டீன்னாங்களே என்று என்னையே கேட்டாள். குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது. பாவம், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

பால் வாங்கப் போன உன் மாமாவின் கையை டீக்கடையில் நாலு பேர் பிடித்துக்கொண்டு கண்கலங்கியிருக்கிறார்கள். நடைப்பயணத்துக்குத்தான் இத்தனை பாசம் என்று நினைத்து, ஏழு மணிக்குத் தவறாம வந்துருங்க என்று எல்லாரையும் அழைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் மதுமதி வந்தாள். என்னைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிடுங்கிப் பார்த்தால், நீ சொல்லி, இளம்பிள்ளை ஊருக்கே போய்த் தறிக்காரர் வீட்டைத் தட்டி எழுப்பி வாங்கிய பிறந்த வீட்டுக் கோடி. கிளிப்பச்சைப் பட்டு. செத்தவளுக்குப் போர்த்துகிற சேலையை உயிரோடு இருப்பவள் கட்டக்கூடாது என்று ஆளாளுக்குத் தடுத்தார்கள். நான் உள்ளே போய்க் கட்டிக்கொண்டுதான் வந்தேன். என் மகள் கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி ஒன்று எடுத்ததில்லையடா.

மாலையோடு வந்தவர்களைச் சித்ரா திருப்பி அனுப்பவில்லை. வந்தது வந்துட்டீங்க, நடந்துட்டே போயிருங்க என்று வரிசையில் நிறுத்திவிட்டாள். ஃபேர்லேண்ட்ஸ் வரை போவதற்குள் உண்டியல் நிறைந்தது. நான் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதெல்லாம் சித்தி மறுபடி அழத் தொடங்கினாள்.

சிரித்தது போதும். அன்று காலை மதுமதி உனக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். அவள்தான் என்று நினைத்து, அக்காளை ஆஸ்பத்திரியில ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கலியே என்று நீ அழுதாய். அழுகைக்கு நடுவே இருமினாய். அது அழுகையால் வந்த இருமல் இல்லை. குளிர், தூசி என்று சாக்குச் சொல்லி நானும் மாதக்கணக்கில் அப்படித்தான் இருமினேன். நீயோ இத்தனை வருடமாகப் போர்வெல் ரிக் பக்கத்தில் நின்று கல்தூசியைத் தின்கிறாய்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வராததில் எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருந்தது. வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நீயோ என்று பார்த்தேன். அப்பாவை அந்த மாதிரி ஒரு கட்டிலிலிருந்து தூக்கிவந்த பிறகு ஆஸ்பத்திரி வாசலே உனக்கு ஆகாது, தெரியும். பயந்துகொண்டே வா, தப்பில்லை. நானும் பயந்துகொண்டேதான் போனேன். முற்றுவதற்கு முன்னால் வந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த புதன்கிழமைக்கு உன் பெயரில் டோக்கன் போட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் ஊர் முழுக்க என்னைத் திட்டிக்கொள். நீ வராவிட்டால் நான் ரயிலேறி அங்கே வந்து, உன் ஆட்கள் முன்னால் காதைப் பிடித்து இழுத்து வருவேன்.

நூறு வயது இரு, சாமி. நுரையீரலில் ஒரு பாகம் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். நீ இல்லாமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை. வந்துவிடு.

உன் அக்கா,
வசந்தாமணி