முப்பத்து நான்கு கேள்விகளில் மூன்று

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தங்கையும் சௌக்கியம், அங்கே நீயும் உன் முழங்கால் சுளுக்கும் எப்படி இருக்கிறீர்கள்? நேற்றிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வயதென்று நினைத்துவிடாதே.

நேற்று உன் தங்கைக்கு வருடாந்திரப் பரிசோதனை. ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் அரை நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். ஆனால் இந்த முறை நர்ஸம்மா ஒருவர் எங்களைப் பிடித்து உட்கார வைத்து, நோயிலிருந்து மீண்ட இளவயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் என்னென்ன உதவி வேண்டும் என்று விசாரிக்கிறோம் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார், அவளுக்கு ஒன்று, அவளைப் பற்றி நிரப்பப் பெற்றவன் என்று எனக்கு ஒன்று. முப்பத்து நான்கு கேள்விகள், உதவி தேவை, தேவையில்லை என்று டிக் அடிக்க வேண்டும். கேள்வித்தாளைக் கண்டதும் எனக்குப் பழைய வாத்தியார் வேகம் வந்துவிட்டது, அவளை மூன்று நாற்காலி தள்ளி உட்காரச் சொன்னேன், எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் எச்சரித்தேன். அப்பா, இது பரீட்சை இல்ல, மானத்த வாங்காதீங்க என்று அவள் பல்லைக் கடித்தது வராந்தா முழுக்கக் கேட்டது. கடைசியில் எட்டிப் பார்த்தது நான்தான். நான் முப்பத்தோரு இடத்தில் உதவி தேவை என்று போட்டிருந்தேன், தூக்கம், களைப்பு, சளி பிடித்தால் வரும் பயம் உட்பட. அவள் மூன்றே மூன்று. நர்ஸம்மா இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, சார், உங்க பயத்தையெல்லாம் இவ பேர்ல எழுதிட்டீங்க என்று சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கென்று தனியாக இன்னொரு தாள் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷ வாத்தியாருக்கு மறுபரீட்சை! வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

அவளுடைய மூன்றையும் கேள். தன் வயதில் இதே நோயைத் தாண்டி வந்த யாரோடாவது பேச வேண்டும், அதற்கு நர்ஸம்மா ஒரு பெண்ணின் நம்பர் கொடுத்தார், முடி திரும்ப முளைத்தபோது யார் தலை அதிகம் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது என்று இருவரும் நேற்றே ஒன்றரை மணி நேரம் போட்டி போட்டார்கள். இன்டர்வியூவில் நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று தெரிய வேண்டும், அதற்கும் ஆள் இருக்கிறாராம். மூன்றாவது, வேறு ஏதாவது உண்டா என்ற கடைசிக் கேள்விக்கு அவளே எழுதியது, அண்ணன் என்னோடு பழையபடி சண்டை போட வேண்டும். அங்கே மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எருமை, குரங்கு என்று கூப்பிட்டவன், நோய் வந்ததிலிருந்து செல்லம், சாப்பிட்டியாம்மா என்கிறாயாம். அவன் குரலக் கேட்டா இன்னும் அந்தக் கட்டில்லயே படுத்திருக்கிற மாதிரி இருக்குப்பா, அதான் போனை எடுக்கறதில்ல என்றாள். நீயோ அவளுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கணக்கில் தவறிய பிள்ளைகளிடம் நான் மெதுவாகப் பேசினால், இனி தேறவே மாட்டோம் என்று முடிவு கட்டிவிடுவார்கள், ஒரு அதட்டல் போட்டால்தான் இவர் நம்மைக் கைவிடவில்லை என்று நிமிர்வார்கள். இதுவும் அப்படித்தான்.

சண்டைக்கு விஷயம் வேண்டுமென்றால் தயாராக இருக்கிறது. நீ மடித்து வைத்துவிட்டுப் போன கால்பந்து டீம் சட்டையின் இரண்டு கையையும் கத்தரித்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் ஓடப் போகிறாள். வேண்டுமென்றேதான் செய்தாள். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தது அம்மா.

தீர்க்காயுசாக இரு, வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவளையே எடுக்க வைக்கிறேன். எடுத்ததும் நலம் விசாரிக்காதே, நேராகச் சட்டையிலிருந்து ஆரம்பி.

ஆசிகளுடன்,
அப்பா